பதினெட்டுப் பேருக்கும் ஒரே நாடி

அத்தியாயம் 9

காலை எட்டு மணிக்கே எனக்குக் குமட்டியது. முந்தின நாள் தின்ற ஈரல் வறுவல்தான் என்று என் பெண்சாதி ருக்சானா சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். குடித்தேன். நிற்கவில்லை. குமட்டல் வயிற்றிலிருந்து வரவில்லை. கையிலிருந்த செல்போனிலிருந்து வந்தது.

‘பனிமலைப் பயணம்’ என்று ஒரு வாட்சப் குழு. ஆரம்பித்த பாவி நான்தான்.

லடாக்கில் மதியச் சாப்பாடு சீரகச் சம்பாவா பாசுமதியா என்று ஒருவர் கேட்டிருந்தார். பாங்காங் ஏரிக்கரையில் மகனுக்குப் பிறந்தநாள் கேக் வெட்ட வேண்டும், கத்தியை விமானத்தில் விடுவார்களா என்று இன்னொருவர். மூன்றாவது ஆள்தான் என்னைக் கவிழ்த்தார். ‘புத்த மடத்தில் காலை ஆறு மணிக்கு ஓதுவாங்களாமே. நம்ம ஆளுங்க எழும்பிப் பசியாறி வர ஒன்பது ஆயிரும். ஒன்பதரைக்கு மாத்தி ஓதச் சொல்ல முடியுமா? பேசிப் பாருங்க பாய்.’

தலைமுறை தலைமுறையாக விடியலில் எழுந்து ஓதுகிற துறவிகள். பேசிப் பார்க்க வேண்டுமாம், எங்கள் இட்லிக்காக.

அதற்குக் கீழே, தொழிலில் என்னோடு இருக்கிற என் மச்சினன் அலி அக்பர் பதில் போட்டிருந்தான்: ‘பேசிடலாம் பாய்.’ பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

துபாயில் பத்தொன்பது வருசம் ஏசி குழாய் மாட்டிவிட்டு ஊருக்கு வந்து, மேலப்பாளையம் பஜாரில் ‘பிறை டிராவல்ஸ்’ என்று போர்டு மாட்டியவன் நான், சிராஜுதீன். குளிர்காற்றைக் குழாயில் அடைத்தவன் குளிர்மலைக்கு ஆள் அனுப்புவது பொருத்தம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட எதுவும் இதுவரை விளங்கியதில்லை.

எங்கள் கம்பெனிக்குப் பேர் வாங்கித் தந்தது ‘ஒரே நாளில் ஒன்பது தர்கா’. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினால் ராத்திரி இஷாவுக்கு வீடு. ஒன்பதாவது தர்காவில் அடங்கியிருப்பவர் யார் என்று கேட்டால் வண்டியில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் ஒன்பது. எங்கள் சனத்துக்கு எண்ணிக்கை வேண்டும்.

லடாக்கை நான் முதலில் ஏழு நாளாகத்தான் எழுதினேன். லே என்கிற அந்த ஊரே பதினோராயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிசு. முதல் இரண்டு நாள் அறையில் சும்மா கிடந்து உடம்பைப் பழக்க வேண்டும். அந்த இரண்டு நாளுக்கும் நேரே ‘ஓய்வு’ என்று எழுதினேன். பஜாரே சிரித்தது.

“படுத்துக் கிடக்கதுக்கு அங்கன வரைக்கும் போகணுமாக்கும்? எங்க வீட்டு மச்சுல படுத்துக் கிடந்தா ஆகாதா?”

அலி அக்பர் அந்த இரண்டு நாளையும் உருவி எறிந்தான். ஐந்து நாள், இருபத்தோரு இடம். காலையில் விமானம் இறங்கினால் மத்தியானத்துக்குள் மூன்று மடம். மறுநாளே பதினேழாயிரம் அடி தாண்டிய கணவாய். அதைப் பார்த்துவிட்டு ஒரே வாரத்தில், என்னையும் அவனையும் சேர்த்து, பதினேழு பேர் ஆகிவிட்டது.

பதினெட்டாவதாக வந்து நின்றது என் லாத்தா, கூடப் பிறந்த அக்கா மஹ்மூதா பீவி. அன்றைக்கு எங்கள் வீடே வாயைப் பிளந்து நின்றது. அறுபத்திரண்டு வயசு. கட்டிய மாப்பிள்ளை மௌத்தாகி, தனியாளாகி நாலு வருசம். மகன் சவூதியில். காயல்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க் கடலைப் பார்த்ததுதான் அவள் செய்த பெரிய பயணம். “என் பேரையும் எழுதுலே,” என்றாள். எழுதினேன். ஏன் என்று கேட்கவில்லை. ஆச்சரியப்பட்டதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

பயணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்.

* * *

பத்து மணிக்கு ஆபீசில் அலி அக்பர் ஒரு மஞ்சள் ஃபைலை என் முன்னால் போட்டான். மணமாக இருந்தான். அத்தர் போட்டுக்கொண்டு வந்தால் ஏதோ சாதித்துவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

“மெடிக்கல் முடிஞ்சுது மச்சான்.”

லேயில் எங்களுக்கு வண்டியும் அறையும் ஏற்பாடு செய்கிற ஆள், வருகிற எல்லோருக்கும் டாக்டர் சான்று வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போன வருசம் மூச்சு முட்டிய யாரோ ஒருவரை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு ஓட வேண்டியதாகிவிட்டதாம்.

“எப்பம்லே முடிஞ்சுது? நேத்து சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் போகலியே?”

“நேத்து மஃரிபுக்குப் பொறவு.”

திறந்தேன். முதல் தாள். நாடி 72. ரத்த அழுத்தம் 120/80. இரண்டாவது தாள். 72. 120/80. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. பேர் கொடுத்த எழுபது வயசுக் கடை முதலாளிக்கும் எழுபத்திரண்டு. கேக் வெட்டப்போகிற எட்டு வயசுப் பையனுக்கும் எழுபத்திரண்டு.

என் தாளும் இருந்தது. எடை அறுபத்தெட்டு கிலோ. நான் அறுபத்தெட்டு கிலோ இருந்தது என் நிக்காஹ் அன்று. அதற்கு மறுநாளே விருந்து ஆரம்பித்துவிட்டது. ‘சர்க்கரை: இல்லை.’ ஒன்பது வருசமாக மாத்திரை விழுங்கியும் போகாத என் சர்க்கரையை அந்த டாக்டர் ஒரு கையெழுத்தில் விரட்டியிருந்தார்.

“ஏலே, இதுல யாரையெல்லாம் டாக்டர் பார்த்தாரு?”

“என்னையப் பார்த்தாரு.”

“உன்னை மட்டுமா?”

“பதினெட்டு ஆதாரும் காட்டினேம்லா. நல்ல மனுசன் மச்சான். சனங்களை முழுசா நம்புதாரு.”

“எல்லாருக்கும் நாடி எழுபத்திரண்டு.”

“ஒரே ஊரு ஆளுங்கதானே.”

கடைசித் தாள் லாத்தாவுடையது. ‘இதயம்: சீர். சுவாசம்: சீர்.’

லாத்தா என் வீட்டு வாசலில் இருக்கிற மூன்று படியை ஏறி வந்தால் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஸலாம் சொல்வதற்கே இரண்டு தவணை எடுப்பாள். என்ன லாத்தா என்றால் “வெயிலுலே” என்பாள். மார்கழியிலும் வெயில்தான். நானும் மின்விசிறியைக் கூட்டி வைப்பேன். அதோடு சரி.

“லாத்தாவுக்குச் சுவாசம் சீருன்னு போட்டிருக்கே?”

“போடாட்டி எப்படிக் கூட்டிட்டுப் போக? நீங்கதானே பேரு எழுதினியோ.”

“அங்கன போயி மூச்சு முட்டிச்சுன்னா?”

“ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கு மச்சான். வண்டிக்கு ஒண்ணு.”

“வண்டியில ஒன்பது பேருலே!”

“ஒன்பது பேருக்கும் ஒரே நேரத்துலயா முட்டும்?”

இவ்வளவுக்கும் அலி அக்பர் கெட்டவன் இல்லை. அந்த மார்கழி வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, நெஞ்சளவு தண்ணீரில் நின்று பதினோரு பேரைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தவன். அன்றைக்கு யாருக்கும் சான்று கேட்கவில்லை. இருபத்தோரு இடம் என்று அச்சடித்த நாளிலிருந்துதான் அவன் கண்ணுக்கு ஆட்கள் தெரியவில்லை, சீட்டுத்தான் தெரிந்தது.

ஃபைலைத் தொட்ட விரலை வேட்டியில் துடைத்தேன். துடைத்தும் போகவில்லை.

அந்தத் தாள்களைக் கிழித்து அவன் முகத்தில் எறிந்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். எறியவில்லை. மேசை டிராயரில் பத்திரமாக வைத்து, பூட்டி, சாவியைப் பையில் போட்டேன். “பொறவு பேசிக்கிடுவோம்,” என்றேன். என் வீரத்தின் உச்சி அதுதான்.

* * *

ஏரிப் பக்கம் போக அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். அதற்குப் பேட்டையிலிருந்து சபீதா அனுப்பிய ஆதார் படத்தில் ஆதாரைவிட அவள் கட்டைவிரல்தான் அதிகம் தெரிந்தது. நேரில் போய் வாங்கி வரலாம் என்று ஸ்கூட்டரை எடுத்தேன். அலி அக்பரின் அத்தரிலிருந்து தப்பிக்கவும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

கொக்கிரகுளம் பாலத்தில் முன்னால் போன காரின் கண்ணாடி இறங்கியது. ஒரு கை வெளியே வந்து, கட்டிய கேரி பையை ஆற்றில் வீசியது. கண்ணாடி ஏறியது. கீழே துணி, மாலை, தெர்மோகோல், இவற்றுக்கு நடுவில் வழி கேட்டுக்கொண்டு போகிற மாதிரி ஆறு. லடாக்கிலிருந்து பதினெட்டுப் பேர் இதைப் பார்க்க வந்தால் அலி அக்பர் எத்தனை இடம் என்று கணக்குச் சொல்வானோ தெரியவில்லை.

சபீதா என் சாச்சா மகள், வாப்பாவின் தம்பி பெண்; அவளுக்கு நான் காக்கா, அண்ணன். மாடி வீடு. நான் போனபோது சபீதா மாப்பிள்ளை ஏசியைப் பதினாறில் வைத்து, ஆரஞ்சு நிற ஜாக்கெட்டும் குரங்குக் குல்லாயும் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“பழகுதேன் மச்சான்,” என்றார். “இங்கனயே பழகிட்டா அங்கன கஷ்டம் தெரியாது.”

குளிருக்குப் பழகுகிறாராம். காற்றில்லாததற்கு எப்படிப் பழகுவார்? தலையணையை முகத்தில் வைத்து அழுத்திக்கொள்வாரா? கேட்கவில்லை; செய்துவிடக்கூடிய மனுசர்.

சபீதா தேத்தண்ணியும் ஆதாரும் கொண்டுவந்தாள். உட்கார்ந்ததும் குரலை இறக்கினாள்.

“காக்கா, லாத்தாவுக்கு என்ன ஆச்சு?”

“என்ன ஆச்சு?”

“புதன்கிழமை வந்துச்சு. பயணம் சொல்ல வந்தேங்குது. ‘நானும்தானே கூட வாறேன், எனக்கு எதுக்குப் பயணம் சொல்லுதியோ’ன்னு சிரிச்சேன். அது சிரிக்கலை. கையைப் புடிச்சுக்கிட்டு, ‘உன் கல்யாணத்தப்பம் உன்னைப் பத்தி உங்க உம்மாகிட்ட ஒரு சொல்லு சொல்லிட்டேன். பொறுத்துக்கம்மா’ன்னு அழுவுது.”

எனக்கு விளங்கவில்லை. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள்தான் எங்கள் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வார்கள். தெரிந்தும் தெரியாமலும் செய்ததைப் பொறுத்துக்கச் சொல்லிக் கையைப் பிடிப்பார்கள். கப்பலில் போன காலத்தில் போனவர் திரும்புவது நிச்சயமில்லை. யார் மனத்தாங்கலையும் சுமந்துகொண்டு போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம். ஊட்டிக்குப் போகிற எவரும் இப்படிக் கையைப் பிடித்ததில்லை.

“புத்தர் மலைக்குப் போக மாப்புக் கேட்டுச் சுத்துன மொத ஆளு உங்க லாத்தாதான் மச்சான்,” என்றார் குல்லாய்க்குள்ளிருந்து சபீதா மாப்பிள்ளை. “திரும்பி வந்தா ஹாஜிம்மான்னு கூப்பிடவா, லாமாம்மான்னு கூப்பிடவா?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. பாதிச் சிரிப்பில் நிறுத்திக் கேட்டேன்.

“எத்தனை வீட்டுக்குப் போயிருக்கா?”

“எனக்குத் தெரிஞ்சு பதினாலு வீடு. எங்க மாடிப்படி ஏற முடியலை காக்கா. கீழே நின்னே கூப்பிட்டுச்சு. நான்தான் எறங்கிப் போனேன். உதடெல்லாம் ஊதா நெறத்துல இருந்துச்சு. வெயிலுன்னுச்சு.”

தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்தேன். வாசலிலேயே நின்று அலி அக்பருக்குப் போன் போட்டேன்.

“அக்பரு, அந்த ஃபைலை யாருக்கும் அனுப்பாத.”

“அனுப்பியாச்சே மச்சான். டிராயருக்கு எங்கிட்டயும் ஒரு சாவி இருக்குல்லா? லேக்காரரு பார்த்துட்டு, ‘எல்லாரும் ரொம்ப ஆரோக்கியமான குரூப்பு’ன்னு சொன்னாரு.”

* * *

சாயங்கால அசர் தொழுகை முடிகிற நேரத்துக்கு லாத்தா வீட்டுக்குப் போனேன். என் வீட்டிலிருந்து மூன்று தெரு. கடைசியாக நான் உள்ளே போய் உட்கார்ந்தது நோன்புப் பெருநாளைக்கு. அதுவும் பெருநாள் இனிப்பான வட்டிலாப்பம் ஆறும்வரைதான்.

கதவு சாத்தாமல் கிடந்தது. ஸலாம் சொன்னேன். பதில் மேலேயிருந்து வந்தது. மச்சுக்குப் போகிற மரப்படியில், நடுவுக்குச் சற்று மேலே, கைப்பிடிக் கம்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலில் புதுக் கம்பளிக் காலுறை.

“இங்கன என்ன செய்யுதியோ லாத்தா?”

“மலையேறுதேன்லே.” மூச்சு வாங்கினாள். “நேத்து ஏழு படி. இன்னைக்கு எட்டு.”

“மொத்தம் எத்தனை?”

“பதிமூணு.”

அவளுக்குக் கீழே இரண்டு படி தள்ளி நானும் உட்கார்ந்தேன். படி என் எடையைப் பற்றி ஏதோ முனகியது. அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அவள் மூச்சு எனக்குக் கேட்டது. சல்லடையில் மணல் அரிக்கிற சத்தம். இத்தனை வருசமாக நான் மின்விசிறியைக் கூட்டி வைத்து மறைத்த சத்தம்.

“பதினாலு வீட்டுக்குப் போயிருக்கியோ.”

“சபீதா சொன்னாளாக்கும். அவ வாயில ஒரு சங்கதி தங்காது.” பிறகு திருத்தினாள். “பதினாறு.”

“நாம ஹஜ்ஜுக்கா போறோம்? எதுக்கு இப்படிச் சுத்துதியோ?”

காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“ரெண்டு மாசத்துக்கு முன்னால டாக்டர்கிட்ட போனேன்லே. பாளையங்கோட்டைக்கு. தனியா, டவுண் பஸ்ஸுல.”

“தனியாவா?”

“பார்த்தியா, நீயும் கேக்க. அந்தப் பஸ்ஸுலயும் நாலு பேரு இதையேதான் கேட்டாவ.”

“சரி, சொல்லுங்க.”

“நெஞ்சுல எதையோ குளுகுளுன்னு தடவி, பொட்டியில பார்த்தாவ. ஒரு பொம்பளைப் புள்ளதான் பார்த்துச்சு. அது முகம் மாறிப் போச்சு. பொறவு டாக்டர்கிட்ட விட்டாவ. அவரு தாளைப் பார்த்தாரு, என்னையப் பார்த்தாரு, எனக்குப் பின்னால கதவைப் பார்த்தாரு. ‘வீட்டு ஆம்பளை யாரும் வரலியாம்மா’ன்னாரு. இல்லைன்னேன். ‘அடுத்த வாரம் யாரையாவது கூட்டிட்டு வாங்க, அவங்ககிட்ட சொல்லுதேன்’னுட்டாரு.”

நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“என் நெஞ்சுதானலே அது?”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆளைப் பார்க்காமல் எழுதிக் கொடுத்த டாக்டர் மேலா, ஆளைப் பார்த்தும் ஆளிடம் சொல்லாத டாக்டர் மேலா, மூன்று தெரு தள்ளி வட்டிலாப்பம் தின்றுகொண்டிருந்த ஆள் மேலா?

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா நீ என்ன செய்வே? பேரை அடிச்சிருவே.”

அடித்திருப்பேன். ஆறு வாரத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதை இப்போது கேட்டேன்.

“அப்படி என்னதான் இருக்கு லாத்தா அந்த மலையில?”

“ஒண்ணும் இல்லை. அதுதான் இருக்கு.” முகம் முதல் முறையாக விரிந்தது. “உன் போன்ல படம் காட்டுனியே. மரம் கிடையாது, வீடு கிடையாது, அந்தாக்குல ஒரே மண்ணும் வானமும். நான் பொறந்ததுல இருந்து எந்தத் தெருவுல எறங்கினாலும் என்னையத் தெரிஞ்சவங்கதான். எங்க போறியோ, யாரு வீட்டுக்கு, எப்பம் வருவியோ, தொணைக்கு யாரு. உன் மச்சான், என் மாப்பிள்ளை, இருந்தப்பம் அவரு கேட்டாரு. அவரு போன பொறவு ஊரே கேக்கு. பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு மூச்சு வாங்குதுலே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாரும் ஒண்ணும் கேக்காத எடத்துல நிக்கணும்.”

“நின்னு?”

“நிக்கணும். அம்புட்டுதான்.”

இருபத்தோரு இடம் அச்சடித்த கம்பெனியில், எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்த ஒரே பயணி அவள்தான்.

“அங்கன வச்சு ஏதாவது ஆயிட்டா?”

“அதுக்குத்தானே பதினாறு வீடு ஏறி எறங்கினேன்.” சிரித்தாள். பிறகு இரண்டு படி பைய இறங்கி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

“உங்கிட்ட மட்டும்தான் பாக்கி. கடைசியாக் கேட்டுக்கிடலாம்னு வச்சிருந்தேன். ஏலே சிராசு, தெரிஞ்சும் தெரியாமலும் நான் உனக்குச் செஞ்சதையெல்லாம் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கிடு.”

இப்படிக் கேட்டால் மறுக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. பாகத்தகராறில் இருபது வருசம் முகம் பார்க்காத பங்காளிகூட இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘பொறுத்துக்கிட்டேன்’ என்றுதான் சொல்வான். ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அவளுடைய பயணத்துக்குக் கடைசிப் பூட்டும் திறந்துவிடும்.

“பொறுக்க மாட்டேன்,” என்றேன்.

“என்னது?”

“பொறுக்க மாட்டேன் லாத்தா.”

“விளையாடாதலே. இதுல விளையாடக் கூடாது.”

“நான் ஆறாப்புல பெயிலானதை வாப்பாகிட்ட நீங்கதானே சொன்னியோ?”

வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

“நான் மார்க் சீட்டை அரிசிப் பானையில ஒளிச்சு வச்சிருந்தேன். நீங்கதான் எடுத்துக் குடுத்தியோ. பெல்ட்டால அடிச்சாரு.”

“நாப்பது வருசம் ஆச்சேலே!”

“ஆகட்டும். இன்னும் வலிக்கு. பொறுக்க முடியாது.”

முதலில் சிரிப்புத்தான் வந்தது அவளுக்கு. சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகி, எது எதுவென்று தெரியாமல் படியில் குலுங்கினாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எலும்புகள் தனித்தனியாகத் தட்டுப்பட்டன. என் லாத்தா இவ்வளவுதானா என்று இருந்தது.

“நீ பொறுக்காம நான் எப்படிலே வாசல் தாண்டுவேன்?”

“தாண்ட வேண்டாம்.”

கையை உருவிக்கொண்டாள். அந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

“அப்பம் நீயும் அவங்க மாதிரிதான். கேள்வி கேக்காம நேராப் பூட்டு போடுதே. அம்புட்டுதான் வித்தியாசம்.”

என்னை இதுவரை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். துபாயில் மூன்று பாஷையில் வாங்கியிருக்கிறேன். இந்த ஒன்றுதான் தைத்தது.

“சரி லாத்தா. நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். போகலாம்னு அவரு சொன்னா, ஏழு நாளு, மொத ரெண்டு நாளு படுத்துக் கிடக்கது. அக்பரு கூட்டம் அவன் பாட்டுக்கு இருபத்தோரு இடம் ஓடட்டும். நானும் நீங்களும் மட்டும் தனியாப் போவோம். ஒரே எடம். நீங்க நில்லுங்க, நான் தள்ளி நிக்கேன். ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

“போகக் கூடாதுன்னு சொன்னா?”

“அப்பம்...” என்று இழுத்தேன்.

லாத்தாவே முடிவு செய்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வாறேன். ஆனா ஒண்ணு. அவரு எங்கிட்டதான் பேசணும். நீ உள்ள வரக் கூடாது. முன்னாலயும் பேசக் கூடாது, பின்னாலயும் பேசக் கூடாது. வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கணும். என் நெஞ்சுல என்ன இருக்குன்னு மொதல்ல எனக்குத் தெரியணும். பொறவு போகவா வேண்டாமான்னு நான் சொல்லுவேன்.”

“சரி.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

டாக்டரின் சீட்டை அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தாள். மேலே ஆஸ்பத்திரி நம்பர் இருந்தது. டோக்கன் போடச் சொன்னாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள். “பார்த்துப் போலே,” என்றாள். மூன்று தெருவுக்கு.

முதல் தெரு தாண்டியதும் ஸ்கூட்டரை நிறுத்தினேன். பாளையங்கால்வாய்த் தண்ணீர் கறுப்பாக, நகராமல் கிடந்தது. அந்தி மஃரிபுக்கு இன்னும் பாங்கு சொல்லவில்லை. போன் போட்டேன். எடுத்தது ஒரு பெண் குரல்.

“நாளைக்குக் காலையில ஒரு டோக்கன் வேணும்மா. மஹ்மூதா பீவி. பழைய பேசண்டு.”

“பதினோரு மணிக்கு வாங்க. ஏழாம் நம்பர்.”

அத்தோடு வைத்திருக்கலாம். டோக்கன் கிடைத்துவிட்டது. கொடுத்த சத்தியத்துக்கு இன்னும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

“வேற என்ன சார்?”

தாளில் என்ன இருந்தாலும் சரி, போகவே கூடாது என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள் டாக்டர். இவ்வளவுதான். டாக்டரிடம் சொல்ல ஒரு வரி. அவள் நல்லதுக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“டாக்டர்கிட்ட ஒரு நிமிசம் பேசணும்மா.”

“பேசண்டுக்கு நீங்க யாரு?”

தெளிவாகவே சொன்னேன்.

“வீட்டு ஆம்பளை.”

“லைன்ல இருங்க சார். குடுக்கேன்.”